நூறு எம்எம் கோரிக்கை

வேண்டியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்க வேண்டும். பிறகு பெருந்தன்மையாக இறங்கி வர வேண்டும். தி.நகர் தையல் தொழிலாளர் சங்கத்துக்கு இருபத்தெட்டு வருடம் செயலாளராக இருந்த ஹபீபுர் ரஹ்மான் கற்ற வித்தை இது. எத்தனையோ முதலாளிகளிடம் பலித்தது. மனைவி ஷாகிராவிடம் மட்டும் அவர் இதுவரை முயன்றதில்லை.

இப்போது வேறு வழியில்லை. மகள் சிம்ரா விட்டுப்போன பழைய கேமராவோடு, ஞாயிறுதோறும் அடையாறு பக்கம் பூச்சிகளைப் படமெடுக்கும் கூட்டத்தோடு அலைகிறார். அந்தக் கூட்டத்தில் ஸ்ரீஹரி என்று ஒரு வங்கி அதிகாரி. அவர் எடுத்த தும்பியின் கண்ணில் கட்டம் கட்டமாக எண்ணலாம். ரஹ்மான் எடுத்த தும்பியைத் தும்பி என்று ரஹ்மானே வந்து சாட்சி சொல்ல வேண்டும். உழைக்கும் வர்க்கத்துக்கு நேர்ந்த இந்த அவமானத்தைத் துடைக்க, பூச்சியைப் பெரிதாகக் காட்டும் நூறு எம்எம் மேக்ரோ லென்ஸ் ஒன்று வேண்டும். ஆகவே அவர் நூற்றெண்பது கேட்டார்.

“அவ்ளோ நீட்டு எதுக்குங்க?” என்றாள் ஷாகிரா.

“கிட்ட போனா பூச்சி பறந்துடும். இதுன்னா ஒரு அடி தள்ளி நிக்கலாம்.”

“வீட்டுல பீரோவத் தள்ளி வச்சாத்தான் அத வைக்க இடம் வரும்போல கீதே.”

“சரி, உனக்காக நூறுக்கு எறங்கி வரேன். அரை அடியில நின்னு சமாளிச்சுக்கறேன்.”

ஷாகிரா சிரித்தாள். அந்த இருபத்தெட்டு வருடக் கோரிக்கை மனுக்கள் அத்தனையையும் நகலெடுத்த கை அவளுடையது.

“கோரிக்கை நியாயமாத்தான் கீது. பேசி முடிப்போம். டீ போடட்டா?”

நிர்வாகம் டீ கொடுத்தால் உஷாராக இருங்கள் என்று ஊருக்கெல்லாம் பேசியவர், இரண்டு டம்ளர் குடித்தார்.

“டீ போடச்சொல்ல சிம்ராவ போன்ல கேட்டேன். இருக்கிற லென்ஸையே திருப்பி மாட்ட ஒரு வளையம் வருதாமே? எறும்பு ஆனையாட்டம் தெரியுமாம். மொதல்ல அதுல கை பழகுங்க.”

“அதுல நாலு விரக்கட கிட்ட போவணும். எந்தப் பூச்சி நிக்கும்?”

“பார்க்குல நிக்காது. வீட்டுப் பூச்சி எங்க போவும்? வீட்டுல கீறதையெல்லாம் எடுத்து முடிங்க. முடிஞ்ச அன்னிக்கே நூறு வாங்கிக்கோங்க. ஒப்பந்தத்த நீங்களே எழுதுங்க, நான் கையெழுத்து போடறேன்.”

‘நீங்களே எழுதுங்க.’ எந்த முதலாளியும் அவரிடம் இப்படிச் சொன்னதில்லை. மனம் உருகிவிட்டது. சங்கத்தின் பழைய காகிதத்தை எடுத்து, மூன்று முறை அடித்துத் திருத்தி எழுதினார்: ‘வீட்டினுள் காணப்படும் பூச்சிகள் அனைத்தும் படமெடுக்கப்பட்டு, ஒரு பூச்சியும் மீதமில்லை என்ற நிலை ஏற்பட்டவுடன், நூறு எம்எம் லென்ஸ் வாங்கப்படும்.’ இருவரும் கையெழுத்திட்டார்கள்.

வளையம் வாங்கி மாட்டிய முதல் நாள் அரிசி மூட்டை. வண்டு தெளிவாகத் தெரிய, மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையை நூலளவு முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். மந்தைவெளி வெயிலில் மொட்டைமாடியில் தாம்பாளத்தின் முன் குப்புறக் கிடந்து ஆட்டினார். படமெடுத்த வண்டை மறுபடி அரிசியில் விட முடியாது, கணக்குத் தப்பும். எனவே ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே போட்டார். இருபத்தைந்து கிலோவும் சுத்தமாயிற்று. பிறகு துவரம்பருப்பு. ரவை. கறிவேப்பிலையைக் காம்பு காம்பாக ஆய்ந்தார். அவரைக்காயை நார் உரித்துப் பிளந்தார். ஷாகிரா கால் நீட்டி உட்கார்ந்து திருவான்மியூர்த் தங்கையோடு போனில் பேசினாள்.

பதின்மூன்றாம் நாள் வீட்டில் ஒரு பூச்சி இல்லை. வண்டின் மூக்கு நுனி வரை படத்தில் தெரிந்தது. ரஹ்மான் சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு லென்ஸ் கடைக்குப் புறப்பட்டார். வாசலில் காய்கறிக்கார முத்துமாரியின் தள்ளுவண்டி. அருகே பையோடு ஷாகிரா.

“இன்னாக்கா நீ? அல்லாரும் நல்ல காயா பொறுக்குறாங்கோ, நீ ஓட்ட வுயுந்த கத்திரிக்காயா கேக்குறே?”

“எங்க வீட்டுக்காரரு போட்டோ புடிக்கிறாரு முத்துமாரி. அந்த காலிஃப்ளவரையும் போடு. உள்ள புழு கீதான்னு பாத்துப் போடு.”

“ஷாகிரா!” ரஹ்மானின் குரல் தெருமுனை வரை போயிற்று. “இது ஒப்பந்த மீறல்!”

“எதுங்க மீறல்? பை உள்ள வந்துட்டா வீட்டுப் பூச்சிதானே? எங்கேர்ந்து வந்த பூச்சின்னு நீங்க எதுவும் எழுதலையே.”

ரஹ்மான் சட்டைப்பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து நான்கு முறை படித்தார். எந்த நிர்வாகமும் நழுவ முடியாதபடி எழுதியிருந்தார். அதில் அவராலும் நழுவ முடியவில்லை.

“இன்னும் எத்தினி நாளைக்கு?” என்றார், தணிந்த குரலில்.

ஷாகிரா கனத்த பையை அவர் கையில் கொடுத்தாள்.

“எனக்கு இன்னாங்க தெரியும்? மழ இப்பதானே ஆரம்பிச்சுகீது.”