புத்தகத்தில் இருந்த எஞ்சின்

எழுத்தில் இருப்பதெல்லாம் உண்மை என்று நம்பும் ஆட்கள் உலகத்தில் குறைவு. அந்தக் கொஞ்சப் பேரில் ஒருவனாக இருபத்தெட்டு வயதுவரை நான் இருந்தேன். வேலை அப்படி. கண்டியில், வாகனங்களைப் பதியும் அரசாங்கக் கந்தோரில் கிளார்க். (மனைவியின் தங்கை எனக்கு வைத்த பெயர் ‘ரப்பர் ஸ்டாம்ப் அத்தான்’.)

டவுனில் துணிக்கடை வைத்திருந்த என் மாமனாரிடம் இரண்டாம் உலக யுத்தகாலத்து ஜீப் ஒன்று இருந்தது. துணியைவிட ஜீப்பைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். வந்த நாளில் இருந்த அதே எஞ்சின் என்று, சாரம் வாங்க வருகிறவரிடமும் சொல்லாமல் விடமாட்டார். எனக்குப் பெயர் வைத்த அந்தத் தங்கைக்காரியின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையைக் குண்டசாலையிலிருந்து அந்த ஜீப்பில்தான் அழைத்துவருவேன் என்று சம்பந்தி வீட்டில் வாக்கும் கொடுத்துவிட்டார். மறுவாரமே பிஸ்டன் உடைந்து ஜீப் படுத்துவிட்டது.

நான் பார்த்துக்கொள்கிறேன் மாமா என்று முன்னால் போய் நின்றேன். (யாரும் கேட்கவில்லை.)

மடவளையிலிருந்து வந்த மெக்கானிக் ஹனீபா நானா எஞ்சினை இறக்கிக் கழற்றினார். அதன் உடம்பெல்லாம் பச்சைப் பெயின்ட் தடிப்பாக அப்பியிருந்தது. நானா சுரண்டுகிற தகட்டை எடுத்தார்.

“எஞ்சின்ட நம்பர ஒருக்காப் பாப்பமே தம்பி. பழைய பிஸ்டனையும் கையில கொண்டு போங்க.”

பெயின்ட் போய்விடும், வேண்டாம் என்று மாமா குறுக்கே வந்தார். நான் பதிவுப் புத்தகத்தை விரித்துப் பிடித்தேன்.

“நம்பர் இதுல இருக்கு நானா. கவர்மென்ட் முத்திரை குத்தின புத்தகம்.”

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

பழைய பிஸ்டனைத் தொடாமல், புத்தகத்தோடு மட்டும் கொழும்புக்குப் போய், பஞ்சிகாவத்தை உதிரிப்பாகச் சந்தையில் கடை கடையாக ஏறி இறங்கி, அதில் எழுதியிருந்த எஞ்சினுக்கு அச்சொட்டாகப் பொருந்தும் நாலு பிஸ்டனும் கெஸ்கட்டும் வாங்கினேன். கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் பெரிய வெற்றிவீரனாட்டம் வந்து இறங்கினேன்.

நானா பிஸ்டனை சிலிண்டருக்குள் விட்டார். அண்டாவுக்குள் டம்ளரை விட்டதுபோல ஆடியது. கெஸ்கட்டின் ஓட்டை ஒன்றுகூட நேரே வரவில்லை. நானா தகட்டை எடுத்துப் பெயின்டைச் சுரண்டினார். உள்ளே இருந்த நம்பருக்கும் என் புத்தகத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது ஏதோ லொறியின் எஞ்சின். எனக்கு வெட்கத்தில் உயிர் போய்விடும்போல இருந்தது. இனிக் கொழும்புக்குப் போய்வரவும் நேரமில்லை.

கொடுத்த வாக்கு கொடுத்ததுதான் என்றார் மாமா. மறுநாள், எஞ்சின் இல்லாத ஜீப்பைக் கயிறு கட்டி ஒரு மரக்கறி லொறி இழுத்தது. பாரம் போனதால் ஜீப்பின் மூக்கு வானத்தைப் பார்த்தது. அதைச் சரிக்கட்ட, கண்ணில் பட்ட இரண்டு அரிசி மூட்டைகளைப் பொனட்டுக்குள் இறக்கினேன். (என் வாழ்க்கையிலேயே சுயமாக யோசித்துச் செய்த ஒரே காரியம்.) மாப்பிள்ளை பட்டும் மாலையுமாக, லொறியிலிருந்து பறந்த முட்டைக்கோவா இலைகள் முகத்தில் மோத மோத, டவுனுக்குள் வந்தார். மண்டபத்தில் சமையல்காரர் அரிசியைத் தேடிக்கொண்டிருந்தார்.

பந்தி ஒருவழியாக முடிந்ததும் மாமா என்னைத் தனியே கூப்பிட்டார். பழைய எஞ்சின் எப்போதோ செத்துவிட்டதாம். லொறி எஞ்சினைப் பொருத்தி, புத்தகத்தில் பதியாமல், பெயின்ட் அடித்து மூடியவர் அவரேதான். முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று அழாக்குறையாகக் கேட்டேன்.

“நீங்க மாப்பிள்ளையா நின்னிருந்தா சொல்லிருப்பேன். கிளார்க்கா புத்தகத்த விரிச்சுக்கிட்டு நிக்கையில எப்புடிச் சொல்றது?”

மறுவாரம் எஞ்சின் மாற்றப் படிவத்தை நானே நிரப்பினேன். இன்றும் எங்கள் வீட்டில் சோறு கொஞ்சம் தாமதமானால், பொனட்டைத் திறந்து பாருங்கள் என்று ஒரு குரல் வரும். அது என் சகலையின் குரல். மனிதர் அன்றிலிருந்து கோவா சாப்பிடுவதில்லை.