பாதி விலைக்கு ஒரு ஹோட்டல்

ஐயா, அம்மா, சற்று நில்லுங்கள். உங்களுக்கு ஓர் இனத்தை அறிமுகப்படுத்த வேண்டும். இதற்கு நான் வைத்திருக்கும் பெயர் தள்ளுபடி விளையாட்டுக்காரர். விளையாட்டுக்காரர் என்றதும் பந்து, மட்டை, வியர்வை என்று கற்பனையை ஓடவிடாதீர்கள். இவருக்கு வியர்ப்பது ஆஃபர் முடிகிற நாளில் மட்டும்தான். உள்ளங்கையில் அடங்குகிற பாம்டாப் என்னும் குட்டிக் கம்ப்யூட்டரிலும், அதைவிடக் கொஞ்சம் குண்டான புதுரக ஃபோன்களிலும் போட்டு ஆடுவதற்கென்று யாரோ எங்கோ உட்கார்ந்து செய்கிற கேம்களை, விலை இறங்குகிற நேரம் பார்த்து வாங்கிப் போடுவதே இவருடைய தவம். ஆடுவாரா என்று கேட்கிறீர்களா? எதற்கு ஆட வேண்டும்? அதுதான் வாங்கியாயிற்றே.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷமான இந்தக் காலத்தில், திருவனந்தபுரத்தில் இந்த இனத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். செக்ரட்டேரியட் வாசலில் யாரோ கொடி பிடித்துச் சமரம் செய்ய, பஸ் அப்படியே நின்றுபோய், உள்ளே இருக்கிறவர்கள் எல்லாம் அரசாங்கத்தையும் எதிர்க்கட்சியையும் மாறி மாறித் திட்டிக்கொண்டிருக்கும்போது, ஒருவர் மட்டும் புன்னகையோடு குனிந்திருப்பார். பாம்டாப்பைச் சுமந்து சுமந்து சட்டைப் பை இடப்பக்கம் தொங்கிப்போயிருக்கும். காதிடுக்கில் ஒரு பிளாஸ்டிக் குச்சி இருக்கும். அந்தக் குச்சியால்தான் பாம்டாப்பின் திரையைத் தொட வேண்டும். அது தொலைந்துபோன வாரங்களில் துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குச்சி இருக்கும். தப்பாக நினைக்காதீர்கள், பல் குத்த அல்ல.

எங்கள் வலியசாலையில் இந்த இனத்துக்கு ஒரு முழுமையான மாதிரி உண்டு. பெயர் கோமதிநாயகம். பூர்வீகம் திருநெல்வேலி. சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளி மொத்தக் கடை ஆபீஸில் கணக்கு எழுதுகிறார். துபாயிலிருந்து லீவில் வந்த மச்சினன், தனக்கு வேண்டாத பாம்டாப்பை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனான். நல்ல எண்ணத்தில்தான் கொடுத்திருப்பான், பாவம்.

வெள்ளிக்கிழமை ஆனால் அவர் மனைவி கௌசல்யா கோயிலுக்குப் போவாள். கோமதிநாயகம் அட்டக்குளங்கரை ப்ரௌசிங் சென்டருக்குப் போவார். அன்றுதான் அமெரிக்காக்காரன் ஒருவன் புதிதாக வந்த கேம்களையும் விலை குறைந்த கேம்களையும் தன் வெப்சைட்டில் போடுவான். புதுசாக வந்ததை இவர் தொடமாட்டார். முழு விலையிலா? சேச்சே. மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பழுக்கட்டும்" என்பார். நாலு வெள்ளிக்கிழமை போய்ப் பார்ப்பார். விலை பாதியாகச் சரிந்த அன்று கிரெடிட் கார்டை எடுத்துத் துடைப்பார்.

இப்படி வாங்கிய கேமைப் பற்றி நீங்கள் அவரிடம் ஏதாவது தெரிந்துகொள்ள முடியுமா? நான் முயன்றேன்.

"அண்ணாச்சி, இது என்ன கேம்?"

"கோல்ஃப். ஒரிஜினல் விலை தெரியுமா?"

"தெரியாது. எப்படி ஆடணும்?"

"நான் வாங்கினது பாதி விலைக்காக்கும்."

"சரி, பந்த இந்தக் குழிக்குள்ள போடணுமா?"

"அந்த ஆஃபர் அன்னைக்கு ஒரு நாள்தான், கேட்டோ."

பந்து இன்றுவரை அந்தப் புல்லில் அப்படியே கிடக்கிறது. யாரும் அடிக்கவில்லை.

இந்த இனத்துக்கு ஒரே ஒரு சத்துரு உண்டு. மெமரி. அந்தக் குட்டிக் கருவிக்குள் இடம் கொஞ்சம்தான். புதிதாக ஒன்று உள்ளே வர வேண்டுமானால் பழசு ஏதாவது வெளியே போக வேண்டும். நீங்களும் நானும் என்ன செய்வோம்? ஆடாத கேமைத் தூக்கி எறிவோம். அவர் எறிவாரா? பாதி விலைக்கு வாங்கியதை எறிய அவருக்கென்ன பைத்தியமா? ஆகவே அதே கருவியில் பதிந்துவைத்திருந்த ஃபோன் நம்பர்களை அழிப்பார். யார் முதலில் போவது என்பதற்கு அவரிடம் ஒரு நியாயமும் இருந்தது. மனைவி வீட்டார் முதலில். கார் ரேஸ் வந்தபோது வடிவீசுவரத்துச் சித்தப்பா போனார். செஸ் வந்தபோது தென்காசி ஒன்றுவிட்ட அண்ணன், அவர் சம்சாரத்தோடு போனார். பாம்பு விளையாட்டுக்காக ஒரு குடும்பமே போயிற்று.

"சித்தப்பாவுக்கு ஒரு ஃபோன் போடணுமே" என்பாள் கௌசல்யா.

"எதுக்கு? அவரு சுகமாத்தான் இருப்பாரு" என்பார் இவர்.

வீட்டில் முன்பு ஒரு டெலிபோன் டைரி இருந்தது. "இனி எல்லாம் இதுக்குள்ள" என்று பாம்டாப்பைத் தட்டிக்காட்டி, பழைய பேப்பரோடு அதையும் எடைக்குப் போட்டுவிட்டார். ஆபீஸ் கம்ப்யூட்டரில் பிரதி இருக்குமே என்று சாமர்த்தியமாகக் கேட்பீர்கள். இருந்தது. ஆனால் பாம்டாப்பைக் கொண்டுபோய் அதோடு இணைத்ததும், இங்கே அழித்ததையெல்லாம் அதுவும் பதிவிரதைபோல் அழித்துவிட்டது.

இப்படி இருக்கும்போது அவருடைய ஒரே மகள் அஞ்சுவுக்குச் சம்பந்தம் கூடிவந்தது. தென்காசிப் பக்கத்து மாப்பிள்ளை. நிச்சயதாம்பூலம் வலியசாலை வீட்டிலேயே. சமையலுக்கு நாகர்கோவிலிலிருந்து தவசிப்பிள்ளை தாணுமாலையன். அவர் வைக்கிற எரிசேரியைச் சாப்பிட்டவர்கள் அதற்கப்புறம் தங்கள் வீட்டு எரிசேரியை எரிசேரி என்று சொல்வதில்லை. வடிவீசுவரத்துச் சித்தப்பா ஏற்பாடு செய்து கொடுத்தது. ஆனால் தாணுமாலையனிடம் ஒரு சம்பிரதாயம் உண்டு. முதல் நாள் காலையில் வீட்டுக்காரர் ஃபோன் செய்து, எத்தனை இலை என்று தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால்தான் உருளியும் சட்டுவமும் வேனில் ஏறும். ஃபோன் வராவிட்டால் விசேஷம் நின்றுபோயிற்று என்று அர்த்தம். ஆளை விட்டு விசாரிக்கவும் மாட்டார், அது அமங்கலமாம். வேறு வீட்டு அடுப்புக்குப் போய்விடுவார்.

நிச்சயத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஒரு ஹோட்டல் கேம் பழுத்தது.

அதில் நீங்கள்தான் ஹோட்டல் முதலாளி. நாலு மேசை. பசியோடு ஆட்கள் வந்து உட்காருவார்கள். நேரம் ஆக ஆக அவர்கள் முகம் சிவக்கும். வெடிப்பதற்குள் சாப்பாடு வைத்துவிட வேண்டும். மாதக்கணக்கில் கோமதிநாயகம் கண்வைத்திருந்த கேம். பாதி விலை! வாங்கினார். ஏற்றினார். இடமில்லை என்றது. கடுகளவுதான் குறைந்தது. நம்பர்களைப் பார்த்தார். மனைவி வீட்டார் ஒருவரும் மிச்சமில்லை. தன் வீட்டாரை அழிக்க மனம் வருமா? அப்போதுதான் கண்ணில் பட்டது: தாணுமாலையன். பேசி முடித்து, வெற்றிலை பாக்கு கொடுத்தாயிற்று. இனி நம்பர் எதற்கு?

ஒரு ஹோட்டல் நடத்துவதற்காகச் சமையற்காரரை அழித்த மனிதர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

எதற்கு நம்பர் என்பது நிச்சயத்துக்கு முதல் நாள் காலையில் ஃபோன் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது தெரிந்தது. குச்சியால் மேலே தட்டினார், கீழே தட்டினார். கோல்ஃப் வந்தது, கார் வந்தது, ஹோட்டல் வந்தது. தவசிப்பிள்ளை வரவில்லை. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் இலை முன்னால் உட்கார்ந்து முகம் சிவப்பதை நினைத்தார். மெய்யான முகங்கள். மகளின் கல்யாணம் சோற்றிலா நின்றுபோக வேண்டும்? கௌசல்யாவிடம் கேட்கலாம். கேட்டால் டைரியை எடைக்குப் போட்டதில் ஆரம்பித்துச் சித்தப்பா வரை பதில் சொல்ல வேண்டியிருக்கும். கேட்கவில்லை.

சட்டென்று ஒரு வழி தெரிந்தது. கரமனையில் கோலப்பன் இருக்கிறாரே! அவரும் இதே இனம். தன் புது வீட்டுப் பால்காய்ச்சுக்காகப் போன மாதம்தான் தாணுமாலையன் நம்பரைக் கேட்டு வாங்கினார். எழுதியா வாங்குவார்கள் இந்த இனத்தவர்? நடுரோட்டில் எதிரெதிரே நின்று, பாம்டாப்புகளின் தலையும் தலையும் ஒட்ட வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நம்பரை இதிலிருந்து அதற்குத் தாவவிட்டார்கள். ஆட்டோக்காரர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். கோமதிநாயகம் கரமனைக்கு ஓடினார்.

"தாணுமாலையன் நம்பரா? இருந்தது அண்ணாச்சி" என்றார் கோலப்பன்.

"இருந்ததுன்னா?"

"போன வெள்ளி அந்த ஹோட்டல் கேம் ஏத்தினேன்லா. சவம், துளி இடம் பத்தல. பால்காய்ச்சுதான் முடிஞ்சுட்டே, இனி எதுக்குன்னு அழிச்சேன்."

"பாவி மனுஷா! அதப் போயா அழிச்ச?"

"கொள்ளாம்! பாதி விலைன்னு ஃபோன் பண்ணிச் சொன்னது யாரு? நீங்கதானே?"

கோமதிநாயகம் படியிறங்கினார். கோலப்பன் பின்னாலேயே வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்: "உங்களுக்கும் அதே விலைதானே போட்டான்?"

கோமதிநாயகம் வீட்டுக்குத் திரும்பினார். பாம்டாப்பில் சார்ஜ் தீர்ந்திருந்தது. அதை அதன் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, சட்டையை மாற்றினார்.

"எங்க போறிய?" என்றாள் கௌசல்யா.

"ஆபீஸ்ல ஒரு அவசரம்."

"நாளைக்கு விசேஷத்த வச்சிக்கிட்டா? சரி, போயிட்டு வாங்க."

தம்பானூரில் நாகர்கோவில் பஸ்ஸைப் பிடித்து, களியக்காவிளை தாண்டி, மார்த்தாண்டத்தில் வெயிலில் வெந்து, வடசேரியில் போய் இறங்கினார். சித்தப்பாவிடம் கேட்டால் கௌசல்யா காதுக்குப் போய்விடும். அங்கே போய் "தாணுமாலையன் வீடு எது?" என்று கேட்டார். அந்த ஊரில் இதைவிட வீணான கேள்வி கிடையாது. சுசீந்திரத்துச் சாமி பெயர். பாதி ஊருக்கு அந்தப் பெயர்தான். ஒரு தாணுமாலையன் வக்கீல். ஒரு தாணுமாலையன் சைக்கிள் கடை. ஒரு தாணுமாலையன் தொட்டிலில் படுத்திருந்தான். கடைசியில் ஒரு வழியாகத் தவசிப்பிள்ளை வீட்டைக் கண்டுபிடித்தால், கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப்பார்த்துச் சொன்னாள்: "அவரு காலைலயே உருளி எல்லாம் வேன்ல ஏத்திட்டு ஏதோ விசேஷத்துக்குப் போயிட்டாரே."

வேறு வீட்டு அடுப்புக்குப் போய்விட்டார்! கோமதிநாயகத்துக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. அந்தத் தெருவிலேயே நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். திரும்பி வருகிற பஸ் முழுக்க, அஞ்சு சின்னப் பிள்ளையாக இருந்தபோது சோறு பிசைந்து ஊட்டியதையெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார் என்று பின்னால் என்னிடம் சொன்னார். நான் சிரிக்கவில்லை, அப்போது மட்டும்.

சாயங்காலம் வலியசாலைத் தெருவில் நுழைந்தபோது தேங்காய் வறுக்கிற வாசனை வந்தது. தன் வீட்டுப் பின்கட்டிலிருந்து வந்தது. போய்ப் பார்த்தார். ஓர் அடுப்பில் கையாள் தேங்காய் வறுத்துக்கொண்டிருந்தான், மற்ற உருளிகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. சேனையும் தடியங்காயும் குவிந்திருந்தன. நடுவில் ஒரு முக்காலியில் தாணுமாலையன்.

"வாங்க சார். ஆபீஸ் போயிருக்கியன்னு அம்மா சொன்னாவ" என்றார் அவர்.

கௌசல்யா காப்பியோடு வந்தாள். "ஜோலி முடிஞ்சுதா?"

"நீ... எப்ப ஃபோன் பண்ணின?"

"காலைல நீங்க குச்சியால தட்டித் தட்டி முழிச்சிட்டு வெளிய ஓடின பொறவு, சித்தப்பாட்ட நம்பர் வாங்கி. வீட்டுக்காரி சொன்னா போதும்னு சித்தப்பாவே இவர்ட்ட பேசிட்டாரு."

"சித்தப்பா நம்பர் ஏது உனக்கு?"

"என் தலையில இருக்கு. அதுல நான் கேம் ஒண்ணும் ஏத்தல."

கோமதிநாயகம் காப்பியை ஒரு வாய் குடித்தார். "பின்ன எதுக்கு என்ன நாகர்கோவில் வரைக்கும் ஓட விட்ட?"

"ஆபீஸுக்குன்னுல்லா சொன்னிய?"

அப்போதுதான் அவர் பார்த்தார். தாணுமாலையன் கையில் இருந்தது சட்டுவம் அல்ல, பாம்டாப். தவசிப்பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று அஞ்சு கொடுத்திருக்கிறாள்.

"சார், இந்தக் கடை உருப்படாது" என்றார் தாணுமாலையன், குச்சியால் திரையைச் சுட்டிக்காட்டி. "நடுவுல இருக்கவன் மூஞ்சியக் காட்டுகான்னு அவனுக்கு முதல்ல விளம்பச் சொல்லுது. அப்ப முத இலைக்காரனுக்கு என்ன மரியாதை? நான் வரிசையாத்தான் விளம்புவேன்னு நின்னேன். கடையப் பூட்டிட்டான். மூணு மட்டம் பூட்டிட்டான், கேட்டேளா!"

பசி, களைப்பு, பஸ் தூசி, பட்ட அவமானம் அத்தனையோடும் நின்றுகொண்டிருந்த கோமதிநாயகத்தின் முகம் மெல்ல மலர்ந்தது. முக்காலிப் பக்கத்தில் குந்தினார்.

"தாணு, அதோட ஒரிஜினல் விலை தெரியுமா?"

மறுநாள் நிச்சயம் நன்றாகவே நடந்தது. எரிசேரிக்கு இரண்டாம் தடவை கேட்காத இலை இல்லை. தாம்பூலத் தட்டை மாற்ற வேண்டிய நேரத்தில் மட்டும் ஒரு சிறு தாமதம். சம்பந்தி இருவரையும் காணவில்லை. தேடிப் போனால், கிணற்றடியில் எதிரெதிரே நின்று, கையிலிருந்த பாம்டாப்புகளின் தலையும் தலையும் ஒட்ட வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவுடைய சட்டைப் பை இடப்பக்கம் தொங்குவதை நான் அப்போதுதான் கவனித்தேன். அஞ்சுவுக்காக எனக்குக் கொஞ்சம் கவலையாக இருந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. உங்களிடம் பாம்டாப் கிடையாது, காதில் குச்சியும் கிடையாது. ஆடித் தள்ளுபடியில் வாங்கி மடிப்புக் கலையாமல் இருக்கிற சட்டை ஒன்று அலமாரியில் இருக்குமே, அதைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசமென்று வந்து, இரண்டும் பெட்டியை விட்டு வெளியே வராத மிக்ஸியைப் பற்றியும் கேட்கமாட்டேன். இந்தப் புத்தகம் எங்கே வாங்கினீர்கள்? புத்தகக் கண்காட்சியிலா? முதல் பக்கத்திலிருந்து படித்து இங்கே வந்தீர்களா, அல்லது வாங்கி வைத்து இத்தனை நாள் கழித்து இன்றைக்குத்தான் நடுவில் திறந்தீர்களா? எனக்குப் பதில் சொல்ல வேண்டாம். நாளைக்கு யாராவது உங்கள் கையிலிருக்கும் இதைப் பார்த்து, "எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். அப்போது உங்கள் வாயில் முதலில் வருவது கோமதிநாயகத்தின் கதையா, கடைக்காரன் கொடுத்த விலைக் கழிவா என்று மட்டும் கவனித்துப் பாருங்கள்.