உசுப்பிய வழக்கும் உண்மை விவரமும்

அனுமந்தன்பட்டி,
வெகுதானிய வருஷம், ஐப்பசி 12

போடியில் உபாத்தியாயராக இருக்கும் மகா-ள-ஸ்ரீ மச்சான் சண்முகராஜ் அவர்களுக்கு, செல்லப்பாண்டி தெண்டனிட்டு எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும், தங்கள் தங்கை அக்கம்மாளும், மகள் முத்துப்பேச்சியும், இரண்டு காளைகளும் சௌக்கியம். நான் சௌக்கியமாக இருப்பது என் வீட்டில்தான், ஜெயிலில் அல்ல. இதை முதலிலேயே தெரிவிக்கக் காரணம், போடியில் நம் சம்பந்தி ராக்கையா அவர்கள், "ஊரைத் தூண்டிவிட்டு உள்ளே போன ஆள் வீட்டில் பெண் எடுப்பதா?" என்று கேட்டதாகத் தாங்கள் எழுதிய கடுதாசிதான். அதைப் படித்ததிலிருந்து தங்கள் தங்கை சரியாகச் சாப்பிடவில்லை. மகள் சாப்பிடுகிறாள், ஆனால் பேசவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். சம்பந்தி வீட்டில் உட்கார்ந்து, கோடு போட்ட இடம் வரைக்கும் உரக்க வாசித்துக் காட்டவும்.

ஆவணி மாதம், நெல் கதிர் விடப் பொதி கட்டியிருந்த சமயம், எங்கள் வாய்க்காலில் திடீரென்று தண்ணீர் நின்றுபோயிற்று. மேல்மடைக்காரர் சுருளியாண்டி தம்முடைய தென்னந்தோப்புக்காக மடையில் நாலு பலகையைச் சொருகி அடைத்துவிட்டார். கீழே முப்பது குடும்பத்துப் பயிர் வெடிப்பு விட்ட மண்ணில் நிற்கிறது. அன்று உச்சிவேளையில் நான் வயலுக்குப் போனால், அடுத்த வயல் சின்னச்சாமி புளியமரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்தான். நான் அவனை உசுப்பினேன். அவ்வளவுதான் நான் செய்தது. அவன் எழுந்தான், மடைக்குப் போனான், பலகையைப் பிடுங்கினான், பிடுங்கினதில் இரண்டு பலகை முறிந்துபோயிற்று, சுருளியாண்டி பிராது கொடுத்தார். போலீஸ்காரர் வந்து, வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த மொக்கம்மாளை விசாரிக்க, அவள் "செல்லப்பாண்டி அய்யாதான் உசுப்புனாக" என்று சொல்ல, அவர் அதைக் காகிதத்தில் "தூண்டினார்" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். பலகையை முறித்தவன் முதல் எதிரி, தூண்டிய நான் இரண்டாம் எதிரி.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட்டு தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவர்கள் ஊரில் தூங்குகிறவனை நம்மைப் போல் உசுப்ப மாட்டார்களாம், எழுப்புவார்களாம். சண்டைக்கு ஏவிவிடுவதைத்தான் உசுப்புவது என்பார்களாம். இது எனக்கு அப்போது எப்படித் தெரியும்?

"உசுப்பினீரா?" என்றார்.

"உசுப்பினேனுங்க."

வக்கீல் என் வேட்டியைப் பிடித்து இழுத்தார். நான் கவனிக்கவில்லை.

"இதற்கு முன்பும் யாரையாவது உசுப்பியிருக்கிறீரா?"

"தினந்தோறும் உசுப்புறேன் சாமி. கோழி கூப்பிட எம் பொண்டாட்டிய உசுப்புவேன். பெறகு மகள உசுப்புவேன். அவ ஒரு தரத்துக்கு அசைய மாட்டா."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், ஒரு குடும்பத்தையே கலகத்துக்குப் பழக்குகிறவன் இவன் என்பது தெளிவாகத் தெரிந்தது. ஆறு மாதம் என்று வக்கீல் என் காதில் முணுமுணுத்தார். தை மாதக் கல்யாணத்துக்குப் பந்தல்கால் யார் நடுவார்கள் என்று நினைத்தேன். குச்சனூர்ச் சனீஸ்வரனுக்கு எள்விளக்குப் போடுவதாக நின்ற இடத்திலேயே நேர்ந்துகொண்டேன்.

பிறகு மொக்கம்மாள் கூண்டேறினாள்.

"இவர் சின்னச்சாமியை உசுப்பினதைப் பார்த்தாயா?"

"பாத்தேன் சாமி. மூணு தரம் உசுப்புனாக. மொத ரெண்டு தரத்துக்கு அவரு அசையவே இல்ல. மூணாந்தரந்தான் எந்திரிச்சுப் போனாரு."

இதை மாஜிஸ்திரேட்டு எழுதிக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேலே தொங்கு விசிறி நின்றுபோயிற்று. அவருக்கு நெற்றியில் வேர்த்து, ஒரு சொட்டு காகிதத்தில் விழுந்தது. "விசிறி ஏன் நின்றது?" என்று அதட்டினார். விசிறிக் கயிறு இழுக்கிறவர் வாசல்படியோரம் கயிற்றைப் பிடித்தபடியே கண்ணயர்ந்திருந்தார். கூண்டிலிருந்து மொக்கம்மாள் எட்டிப் பார்த்து, "பாவம், ஒறங்கிட்டாக சாமி. அங்கன போயி உசுப்பிட்டு வரட்டா?" என்று கேட்டாள்.

மாஜிஸ்திரேட்டு அவளைப் பார்த்தார், விசிறிக்காரரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போய் உசுப்பு" என்றார், மெதுவாக. அவள் போய் அவர் தோளைத் தொட்டு, "ஏய்யா, எந்திரிங்க" என்றாள். விசிறி ஆடத் தொடங்கியது. மாஜிஸ்திரேட்டு தாம் எழுதியிருந்ததில் ஒரு சொல்லை அடித்துவிட்டு, வேறொன்று எழுதினார். தூங்குகிறவனை எழுப்புவது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை என்று என்னை விடுதலை செய்தார். சின்னச்சாமியைக் கண்டித்து, அடுத்த தடவை மனுக் கொடு, பலகையைத் தொடாதே என்று அனுப்பினார். பிறகு சுருளியாண்டியைப் பார்த்து, "முப்பது குடும்பத்துத் தண்ணீரை அடைக்க உமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?" என்றார். அவர் துண்டை எடுத்துத் தோளை மாற்றிப் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து மடையில் பலகை இல்லை. நெல்லும் தப்பிப் பிழைத்து, போன வாரம்தான் அறுத்தோம்.

ஆகையால் சம்பந்தி அவர்கள் எந்தச் சந்தேகமும் கொள்ள வேண்டாம். யாரையும் எதற்கும் ஏவிவிடுகிற வழக்கம் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. தை முகூர்த்தத்துக்குப் புது நெல்லரிசிச் சோறு, எல்லோரும் வரவும். பெரியவர்களுக்கு என் கும்பிடு, பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
செல்லப்பாண்டி
_______________

பின்குறிப்பு: கோடு வந்துவிட்டது மச்சான், வாசிப்பதை நிறுத்தவும். இது தங்களுக்கு மட்டும். சின்னச்சாமி அன்றைக்குத் தூங்கவில்லை. உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். "ஏலே, பயிரு கருகுது, இங்கன வெத்தலையா மெல்லுற? நாலு பலகைதான, பிடுங்கி எறிடா!" என்று மூன்று தரம் சொன்னேன். மொக்கம்மாள் பக்கத்திலேயே நின்று கேட்டாள். மாஜிஸ்திரேட்டு முதலில் நினைத்த உசுப்புதான் சரியான உசுப்பு. ஊர் திரும்பியதும் வரப்பில் அவளைப் பார்த்து, "ஏன் ஆத்தா, பொய் சொல்லி என்னயக் காப்பாத்துன?" என்று கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் எங்கய்யா பொய் சொன்னேன்? நீங்க உசுப்புனீக, உசுப்புனாகன்னேன். விசிறி இழுக்குறவுக ஒறங்குனாக, நான் உசுப்புனேன். அந்த வாய்க்கால்லதான எங்க வயலும் பாயுது!" என்று சொல்லிவிட்டு, அரிவாளை இடுப்பில் சொருகிக்கொண்டு புல்லறுக்கப் போய்விட்டாள்.