டிக்கெட் வாங்கிய விருந்தாளிகள்

மேல் கெராத்தியா,
கிரீட் தீவு.
ஈஸ்டர் முடிந்த மூன்றாம் வாரம், செவ்வாய்

பெருமதிப்புக்குரிய மைத்துனர் பொலிக்ரோனிஸ் அவர்களுக்கு,

மெல்போர்னில் தாங்களும் தங்கள் துணைவியாரும் தங்கள் மீன் வறுவல் கடைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே தங்கள் தங்கை ஆர்கிரோ நலம், ஆடுகள் நலம், மழை தாமதம், என் இடது முழங்கால் வழக்கம்போல். மரியாதைகள் முடிந்தன. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தங்கள் தந்தையார் விட்டுச்சென்ற கல் வீட்டை விருந்தினர் விடுதியாக்கலாம் என்று நான் பல காலமாக எழுதிவந்தேன். தாங்களோ அதை விலைக்குக் கேட்டுக்கொண்டிருக்கும் ஜெர்மன்காரருக்கே கொடுத்துத் தலைமுழுகிவிடலாம் என்றீர்கள். கடைசியில் தொலைபேசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். ஒரு பேருந்து நிறைய வெளிநாட்டுக்காரர்களை வரவழைத்து, நம் ஊரின் வரலாறு, மலை, பண்பாடு எல்லாவற்றையும் ஒரு நாள் சுற்றிக் காட்டி, அதற்குக் காசு வாங்கிக் காட்டு. வாங்கிவிட்டால் விடுதிக்குக் கையெழுத்து, இல்லாவிட்டால் வீடு ஜெர்மன்காரருக்கு என்றீர்கள். நானும் சரி என்றேன். ஏனென்றால் நான் சாக்குமூட்டை தூக்கி ஆரம்பித்து இன்று மூன்று பள்ளத்தாக்குக்கும் தீவனக்கடை வைத்திருப்பவன். வயிறு நிறைந்த ஆட்டுக்கும் தீவனம் விற்றவன். பண்பாட்டை விற்க முடியாதா என்ன என்று நினைத்தேன். அந்த நாள் போன சனிக்கிழமை நடந்து முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டுத் தாங்களே முடிவு செய்யலாம்.

முதலில் காபிக் கடையில் ஊரைக் கூட்டினேன். வருகிறவர்களை யாரும் விருந்தாளி என்று சொல்லக்கூடாது, வாடிக்கையாளர் என்று சொல்லவேண்டும். தேன், பாலாடைக்கட்டி, பார்லி ரஸ்க் எல்லாவற்றுக்கும் அட்டையில் விலை எழுதி வைக்கவேண்டும். மதியச் சாப்பாட்டுக்குத் தனி டிக்கெட், அதை நான்தான் கிழிப்பேன் என்று விளக்கமாகச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அன்றைக்கு ராக்கிச் சாராயம் என் செலவு என்பதால் எதற்கும் தலையாட்டும் நிலையில் இருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. ஆடு மேய்க்கும் ஸ்ட்ராத்திஸ் மட்டும், வீட்டுக்குப் போகும் வழியில் ஊருக்கே கேட்கும்படி என் பெயரைப் போட்டு இரண்டடிப் பாட்டு ஒன்று கட்டிப் பாடிவிட்டுப் போனான்:

காசு காசுன்னு அலையிற மனூசோஸ், காத்துக்கும் டிக்கெட் போடு,
மூச்சு விட்டா சில்லறை கேட்டு மூக்குக்கு முன்னால ஓடு.

இதை இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடுகிறார்கள்.

சனிக்கிழமை காலை பேருந்து வந்தது. கூடவே இராக்லியோவிலிருந்து பயண நிறுவனத்து அம்மாள் நெஃபெலி வந்தார். அவருக்குத் திருப்தியானால் கோடை முழுக்க வாரம் ஒரு பேருந்து அனுப்புவதாகப் பேச்சு. ஊர் எல்லையில் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் ஒரு வெளிநாட்டுக்காரர், பலகை முழுக்க ஏன் இத்தனை ஓட்டை என்று கேட்டார். கல்யாணம், ஞானஸ்நானம், தேர்தல் என்று நம் ஆட்கள் துப்பாக்கியால் சுட்டுப் பழகும் பலகை அது என்று எப்படிச் சொல்வது? மலைக்காற்று பலமாக அடிக்கும், பலகை பறந்துவிடாமலிருக்க அரசாங்கமே ஓட்டை போட்டுத்தான் அனுப்புகிறது என்றேன். அவர் அரசாங்கத்தின் முன்யோசனையைப் பாராட்டினார். ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது, மச்சான்.

அடுத்து துருக்கியர் காலத்துக் கோட்டை. அதைக் கொளுத்தியது என் கொள்ளுத்தாத்தா என்று அச்சடித்த தாளில் போட்டிருந்தேன். அச்சடிக்கக் காசு கொடுத்தவன் நான், வேறு யார் தாத்தாவைப் போடுவது? நான் அந்த இடத்தைப் படித்து முடிக்கவில்லை, சுவர்மேல் உட்கார்ந்திருந்த ஸ்ட்ராத்திஸ், "கொளுத்துனது எங்க தாத்தா. உங்க தாத்தா அவருக்குத் தீப்பெட்டி வித்தாரு. அதுவும் ரெட்டை விலைக்கு" என்றான். அவனுக்கும் இன்னொரு ஆட்டுக்காரன் கனாகிஸுக்கும், கனாகிஸின் செம்மறிக்கடா ஒன்று காணாமல்போன நாளிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை என்பது தங்களுக்குத் தெரியும். ஆகவே கனாகிஸ் என்னைப் பார்த்து, "மனூசோஸ், அந்தாளுகிட்ட சொல்லு, கோட்டை விழுந்தது நிலநடுக்கத்துல. அவங்க தாத்தா அன்னிக்குக் குளிச்சிட்டு இருந்தாரு, துணியில்லாம ஓடினாருன்னு சொல்லு" என்றான். நெஃபெலி அம்மாள் இதையெல்லாம் மொழிபெயர்த்துவிட்டார். வெளிநாட்டு ஆசிரியை ஒருத்தி மூன்று வரலாற்றையும் தனித்தனியாக எழுதிக்கொண்டு, மூன்றும் அருமை என்றாள். என் தாளைத் தரையில் விரித்து அதன்மேல் உட்கார்ந்துதான் எழுதினாள்.

வெயில் ஏறிவிட்டது. சிங்க வாய் ஊற்றடிக்கு வரும்போது பாவம், எல்லோர் முகமும் தக்காளி. நான் மாதிரிக்கு என்று ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணம் ராக்கி ஊற்றினேன். வியாபாரத்தில் மாதிரி கொடுப்பது வழக்கம்தானே. ஆனால் ஊர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. மனூசோஸே சும்மா ஊற்றுகிறான் என்றால் நாம் மட்டும் கஞ்சனா என்று ஒவ்வொரு வீட்டுக் கதவும் திறந்தது. தேன் விற்க உட்காரவைத்திருந்த எரொஃபீலி, விலை அட்டையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் ரஸ்க் வைத்து நீட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பெண் அவள் தோளில் கிடந்த கம்பளிச் சால்வையைத் தொட்டு, நன்றாக இருக்கிறதே என்று சொன்னாள். அவ்வளவுதான். சால்வை கைமாறிவிட்டது. நான் ஓடிப்போய், அது விற்பனைக்கு வைத்ததுகூட இல்லையே, குளிருக்கு என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"நல்லா இருக்குன்னு வாய்விட்டுச் சொல்லிட்டாளே. இனிமே அதை நான் எப்படிடா போட்டுக்குவேன்?" என்றாள் எரொஃபீலி.

தேனுக்காவது காசு வாங்கினாயா என்றேன். மலையேறி வந்தவளிடம் விலை சொன்னால் தன் செத்துப்போன புருஷன் கல்லறையிலிருந்து எழுந்துவந்து கேட்பான் என்றாள். அவன் உயிரோடு இருந்தபோது என் கடையில் எதற்குமே விலை கேட்டதில்லை, காசும் கொடுத்ததில்லை, அது வேறு கதை.

இனி மதியச் சாப்பாடு. என் நம்பிக்கை முழுவதும் அதில்தான் இருந்தது. கல்யாணப் புலாவ், வேகவைத்த ஆட்டுக்கறி, நத்தை வறுவல் என்று ஆர்கிரோ விடியற்காலையிலிருந்து அடுப்படியில். நான் டிக்கெட் கிழிக்கப் பை சகிதம் காபிக் கடை வாசலில் நின்றேன். கடைக்காரன் என்னிடம் வந்து, டிக்கெட் வேண்டாம், எல்லோர் சாப்பாட்டையும் ஸ்ட்ராத்திஸ் ஏற்றுக்கொண்டுவிட்டான் என்றான். இது கனாகிஸ் காதில் விழுந்தது. அவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

"மனூசோஸ், அந்தாளுகிட்ட சொல்லு, இவங்க முதல்ல என் வாசலைத்தான் தாண்டி வந்தாங்க. இது என் விருந்து."

"மனூசோஸ், நீ அவன்கிட்ட சொல்லு, அவன் வீட்டு ராக்கியைக் குடிச்சவங்க ஊர் போய்ச் சேரமாட்டாங்க, ஆஸ்பத்திரிக்குத்தான் போவாங்க."

ஒரு முழத் தூரத்தில் நின்றுகொண்டு இரண்டு பேரும் என் மூலமாகவே திட்டிக்கொண்டார்கள். சட்டைக் கை மடிந்தது, மேஜை ஒன்று சாய்ந்தது. வெளிநாட்டுக்காரர்கள் இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்துக் கைதட்டினார்கள், படம் பிடித்தார்கள். அந்தக் கைதட்டல்தான் கெடுத்தது. விருந்தாளிகள் முன்னால் மானம் போகிறதே என்று இரண்டு பேருக்கும் உறைத்து, ஆளுக்குப் பாதி என்று முதன்முறையாக நேருக்கு நேர் பேசினார்கள்.

"அந்தக் கடா," என்றான் கனாகிஸ், "ருசியா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்பச் சரி."

கட்டிப்பிடித்து அழுதார்கள். ஊரே அழுதது. ஆர்கிரோ அழுதாள். நான் கையில் கிழிக்காத டிக்கெட்டுகளை வைத்துக்கொண்டு நின்றேன். என் பக்கம் யாராவது திரும்பிப் பார்த்தார்களா? அதன்பின் ஒவ்வொரு வீட்டுக்காரரும் இரண்டு மூன்று பேரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். மலைப் பள்ளத்தாக்கைக் காட்ட நான் வைத்திருந்த நேரத்தில் ஒருத்தர்கூட என்னிடம் இல்லை. பேருந்து ஓட்டுநர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோய், பாதிரியார் வீட்டில் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் நெஃபெலி அம்மாள் கோபமாக வந்தார். கோபமாக வந்தவர் கையில் கனாகிஸ் மனைவி கொடுத்த முழுப் பாலாடைக்கட்டி உருளை இருந்தது; அதைக் கீழே வைக்க மனமில்லாமல் இடுப்பில் குழந்தைபோல் வைத்துக்கொண்டே என்னைக் கேட்டார்.

"ஏன் மனூசோஸ், நீங்க நடத்துறது வியாபாரமா, மடத்துச் சாப்பாடா? எல்லாரும் என்ன கேக்குறாங்க தெரியுமா? இங்க எல்லாம் சும்மா கிடைக்குதே, அப்புறம் எங்ககிட்ட எதுக்கு டிக்கெட் காசு வாங்கினீங்கன்னு கேக்குறாங்க. அடுத்த தடவை நாங்களே வந்துக்கறோம், நீங்க வேணாங்கறாங்க."

என் தொழில் அனுபவத்தில் இப்படி ஒன்றைக் கண்டதில்லை, மச்சான். சரக்கு மோசமென்று வியாபாரம் படுத்துப் பார்த்திருக்கிறேன். சரக்கு ரொம்ப நன்றாக இருப்பதால் படுத்த வியாபாரம் இதுதான். வந்தவர்கள் மகிழமகிழ எனக்கு நஷ்டம். ஒப்பந்தம் கிடையாது, வாராவாரம் பேருந்து கிடையாது. டிக்கெட் காசையும் திருப்பிக் கொடுத்தாயிற்று.

ஆகவே ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறேன்: தாங்கள் சொன்னதே சரி. இந்த ஊரில் விடுதி நடத்த முடியாது. நடத்தினால் வாடகைக்கு வந்தவரை எதிர்வீட்டுக்காரன் கூட்டிக்கொண்டு போய்த் தன் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, தான் திராட்சைப் பந்தலடியில் படுப்பான். ஊருக்கு வியாபார புத்தி அறவே இல்லை. எனக்கு மட்டும் இருந்து என்ன செய்வது? வீட்டை அந்த ஜெர்மன்காரருக்கே கொடுத்துவிடுங்கள். கனாகிஸ்கூட, "போன தடவை, உலகப் போரப்போ, பாராசூட்ல வந்தாங்க, இந்தத் தடவை செக்புக்கோட வர்றாங்க. வரட்டும்" என்கிறான். விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். பேரம் பேசும் பொறுப்பை என்னிடம் விடுங்கள். ஒரு காசு குறையாமல் வாங்கித் தருவது என் வேலை. அந்த விஷயத்தில் நான் இந்த ஊர்க்காரனில்லை.

தங்கள் கடைகளின் எண்ணெய் என்றும் கொதித்துக்கொண்டிருக்கட்டும். வேலைநாள் புனிதர், விடுமுறைநாள் புனிதர் அனைவரும் தங்கள் குடும்பத்துக்குத் துணை நிற்கட்டும். மூத்த மகளுக்கு இந்த வருடமாவது நம் தீவுப் பையன் அமையட்டும். அமையாவிட்டால் எவனாவது அமையட்டும்.

தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை,
மனூசோஸ் ஸ்கெபெட்ஸாகிஸ்
(தீவனம், உரம், ஆட்டுமணி)

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்குமுன் அந்த ஜெர்மன்காரரே வீட்டைப் பார்க்க நேரில் வந்துவிட்டார். டீட்மார் என்று பெயர், நல்ல மனிதர், கொஞ்சம் ஒல்லி. விலை பேசத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வந்தது சாப்பாட்டு நேரம். நின்றுகொண்டே பேரம் பேசினால் நன்றாகவா இருக்கும் என்று உட்காரவைத்தேன். ஆர்கிரோ மிச்சமிருந்த நத்தையை வறுத்துப் போட்டாள். சாப்பிட்டவரிடம் அன்றைக்கே எப்படி விலை சொல்வது? மறுநாள் சொல்லலாம் என்று தங்கள் தந்தையார் கட்டிலிலேயே படுக்கச் சொன்னேன். மறுநாளும் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. ஆகவே மேலே எழுதியதைத் தள்ளிவிடுங்கள். விற்பனைப் பத்திரத்தை எக்காரணம் கொண்டும் அனுப்பவேண்டாம். இன்று காலை அவர் முற்றத்தில் நின்று சுற்றிலும் பார்த்துவிட்டு, இந்த வீடு ரொம்ப நன்றாக இருக்கிறது என்று என்னிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.