நாறாத வாளி

வீட்டில் உரச்சாறு தயாரிக்கும் குடிமக்கள் அனைவரும் தரச்சான்று பெறவேண்டும் என்ற ஆணை, பொதுநலன் கருதி, ஒரு செவ்வாய்க்கிழமை பிறந்தது. அப்போது உரச்சாறுதான் நாகரிகம். செடி இல்லாதவர்கள்கூட வாளி வாங்கி, அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

கடிகாரம் பழுதுபார்த்து ஓய்ந்த ஒரு பெரியவருக்கு வாளியும் இருந்தது, செடியும் இருந்தது. மொட்டை மாடியில் பன்னிரண்டு தக்காளிச் செடி, நாற்பத்தொரு பூ. மக்கிய உரத்தைத் துணியில் கட்டி வாளித் தண்ணீரில் தொங்கவிடுவார். மீன்தொட்டி மோட்டாரால் ஒரு நாள் முழுக்கக் காற்று ஊதுவார். மோட்டாரை நிறுத்திய நாலு மணி நேரத்துக்குள் ஊற்றிவிடுவார். அதற்குமேல் வைத்தால் கெட்டுவிடும்.

ஆய்வாளர் வந்தார். குனிந்து முகர்ந்தார். முகம் சுளிக்கவில்லை. அதுதான் அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

"நாத்தமே இல்லையே?"

"நல்ல சாறு நாறாதுங்க. மண்வாசனைதான் வரும்."

"அட்டவணையைப் பாருங்க. 'கடும் துர்நாற்றம், கட்டாயம்.' ஆய்வுக்கூடத்துக்கு வந்த முந்நூறு மாதிரியும் நாறிச்சு, ஒண்ணு விடாம."

"மாதிரியை எத்தனை நாள் மூடி வச்சிருந்தீங்க?"

"விதிப்படி ஏழு நாள். அரக்கு முத்திரையோட."

"அதனாலதாங்க நாறியிருக்கு."

"முந்நூறு பேர் தப்பு, நீங்க ஒருத்தர் சரியாக்கும்!"

பத்து நாளில் சான்று பெறாவிட்டால், 'ஊட்டம் நிரூபிக்கப்படாத தாவரங்கள்' வேரோடு அகற்றப்படும் என்று நோட்டீசை ஒட்டிவிட்டுப் போனார்.

கடிகாரக்காரர் மனுவோடு அலுவலகத்தில் மேசை மேசையாக அலைந்தார். கூச்ச சுபாவக்காரர், வரிசையில் யார் முந்தினாலும் ஒதுங்கி நிற்பார்.

"ரெண்டு நாள்ல இருபது மேசை ஏறி இறங்கியாச்சு," என்றாள் மனைவி.

"பதினேழு."

"நாறுனாத்தான் சரின்னா நாற வச்சுக் குடுத்துத் தொலைங்களேன்! செடியாவது தப்பிக்கும்."

மீதியிருந்த நாள் எட்டு. புதிதாக ஒரு வாளிச் சாறு போட்டு, மோட்டாரைக் கழற்றி, வாளியை இறுக மூடி ஏழு நாள் வைத்தார். எட்டாம் நாள் மூடி திறந்ததும் காக்கைகள் எதிர்மாடிக்குக் குடிபெயர்ந்தன. ஆய்வாளர் கண்ணில் நீர் வழிந்தது.

"முதல் தரம்! என் சர்வீஸ்ல இப்படி ஒண்ணைப் பார்த்ததில்ல. ஊத்துங்க."

"எதுல?"

"செடியிலதான். சான்று பெற்ற சாறு அலுவலர் முன்னிலையில் ஊற்றப்படணும். விதி பதினொண்ணு."

ஊற்றினார். நாலாம் நாள் இலைகள் கருகின. கீழே உதிர்ந்து கிடந்த பூக்களை எண்ணினார். நாற்பத்தொன்று.

துக்கம் கேட்க யாரும் வரவில்லை. வாழ்த்தத்தான் வந்தார்கள். அதிகபட்ச மதிப்பெண் பெற்றதற்காக அலுவலகம் அவரை 'கௌரவ முகர்வு அலுவலர்' ஆக்கியது. வேண்டாமென்று சொல்லத்தான் போனார். ஆனால் அடையாள அட்டையில் படம் நன்றாக விழுந்திருந்தது. வரிசையிலும் இனி நிற்க வேண்டியதில்லை.

முதல் ஆய்வு, மூன்றாம் மாடியில் தம்பி மகள் வீடு. அவள் மூடி திறந்ததும் மழைபெய்த மண்ணின் வாசனை எழுந்தது. கடிகாரக்காரர் குனிந்து இன்னொரு தடவை முகர்ந்தார். பக்கத்தில் ஆய்வாளர் பேனாவோடு நின்றார். கடிகாரக்காரர் பழக்கத்தில் அவளுடைய மிளகாய்ப் பூக்களை எண்ணினார், இருபத்தாறு. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

"நாத்தம் போதாதும்மா. ஏழு நாள் மூடி வை."

"செடி செத்துடாதா, பெரியப்பா?"

கடிகாரக்காரர் அட்டையை நேராக்கிக்கொண்டார்.

"அது வேற துறைம்மா."