பித்தளை வளையம் போட்ட படகு

மிளகாய் காய்கிற ஊரில் படகு கட்டுகிற மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருப்பீர்கள். அவர் கட்டியது படகாக இல்லாமல் இருந்திருக்கலாம். பன்னிரண்டு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசையாக, யாரும் படுக்காத தேக்குக் கட்டிலாக, பூப்போட்ட உறைக்குள்ளேயே வயதாகிப்போன ரேடியோவாக இருந்திருக்கலாம். இனம் ஒன்றுதான். பொருளைப் பெட்டியில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகுகிறவரை இதில் சேர்க்காதீர்கள். அவர் கஞ்சர், பாவம், அவரால் யாருக்கும் தொந்தரவில்லை. நம்முடைய மனிதர் காட்டுவார். கூப்பிட்டுக் காட்டுவார். கூப்பிட்டும் வராதவரின் வீட்டுக்கே போய்க் கூட்டி வந்து காட்டுவார். தொடத்தான் விடமாட்டார்.

சங்ககிரியில் அப்படி ஒருவர் இருந்தார். கண்ணுசாமி முதலாளி. ஏழு லாரிக்குச் சொந்தக்காரர். நயா பைசா வந்த வருஷம் ஒரு டயர் கம்பெனி அவருக்குக் காலண்டர் கொடுத்தது. அதில் மே மாதத் தாளில் ஒரு வெள்ளைக்காரச் சீமான், நீலக் கடலின் நடுவே, மாளிகை மாதிரி ஒரு வெள்ளைப் படகில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மே முடிந்தும் முதலாளி அந்தத் தாளைக் கிழிக்கவில்லை. அவர் வீட்டில் தீபாவளி வரைக்கும் மே மாதமாகவே இருந்தது. தீபாவளி கழிந்த மறுநாள் லாசரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

லாசர், முதலாளியின் ஏழு லாரிக்கும் பாடி கட்டிய தச்சு மேஸ்திரி. மாதா கோயிலில் முதல் பூசை தவறாதவர். பட்டறையில் தச்சர்களின் காவலரான சூசையப்பர் படத்துக்கு முன்னால் கும்பிடு போடாமல் உளியைத் தொடமாட்டார். மரம் அவர் சொன்னபடி கேட்கும். மற்றவர்கள் சொன்னபடி அவர் கேட்பார்.

"லாசரு, இந்த மாதிரி ஒண்ணு கட்டோணும்."

"படகுங்களா?"

"படகுன்னு சொல்லாத. பங்களா. தண்ணியில நிக்கிற பங்களா."

"நான் லாரி பாடிதானுங்க கட்டியிருக்கறேன்."

"லாரிக்குச் சக்கரத்தக் கழட்டிட்டா அப்பறம் அது என்ன? படகுதான."

லாசர் "சரிங்க" என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் அவர் இத்தனை வருஷம் பட்டறை நடத்தினார்.

பத்து மைல் தள்ளிக் காவிரிக் கரைக்குப் போய், அங்கே பரிசல் போடுகிற பச்சமுத்துவிடம் கேட்டார். பச்சமுத்து பீடியை எடுக்காமலே, "உள்ள தண்ணி வரப்படாதுங்க மேஸ்திரி. படகுன்னா அவ்வளவுதான்" என்றார். லாசர் அதை மனதில் முடிந்துகொண்டு வந்தார்.

பதினொரு மாதம் வேலை நடந்தது. இருபத்துநாலு அடி நீளம், அத்தனையும் தேக்கு. உள்ளே பால்வெள்ளை வெல்வெட் தைத்த சோபா, ஆளுயரக் கண்ணாடி, இரும்புக் கட்டில், தண்ணீர் வராத குழாயோடு கைகழுவுகிற தொட்டி, நாலு லாரி பேட்டரியில் ஓடுகிற மின்விசிறி, இருபக்கமும் இரண்டு ஹாரன். வர்ணம் பூச வந்தவர் ஆயுசு பூராவும் லாரிக்குப் பூசியவர். கை பழக்கத்தில் படகின் பின்பக்கம் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதிவிட்டார். ஆற்றில் பின்னால் வந்து யார் ஒலி எழுப்பப் போகிறார்கள்? முதலாளிக்கு அது பிடித்துப்போயிற்று. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

வீட்டு வாசலில், மிளகாய் காயப் போடுகிற களத்தில், பனங்கட்டைகளின் மேல் படகு நின்றது. படகு தண்ணீரில் மிதக்கும் என்பது நம் போன்றவர்களின் எண்ணம். முதலாளியின் படகு பார்க்க வந்தவர்களின் கண்ணில் மிதந்தது. அந்தக் கூட்டம் வற்றாமல் அவர் பார்த்துக்கொண்டார். சந்தைக்குப் போகிறவர், லாரி பிடிக்க வந்தவர், துக்கம் விசாரித்துத் திரும்புகிறவர், எல்லாரும் நின்று பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும். அதற்கு ஒரு முறை இருந்தது. செருப்பை வேலியோரம் விட்டு, காலைக் கழுவி, சாக்கில் துடைத்து, ஏணியில் ஏறி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவர் விரல் காட்டுகிற பக்கம் பார்க்க வேண்டும்.

"இது பம்பாய் வெல்வெட்டு. இந்தக் கண்ணாடியில ஆளு பத்து வயசு கொறஞ்சு தெரியும், நில்லுங்க."

"உக்காரலாமுங்களா?"

"இன்னும் தண்ணியில எறங்கலீங்களே. எறங்குனப்பறம் தாராளமா உக்காரலாம்."

"எப்பங்க எறங்கும்?"

"நல்ல நாள் வரோணுமில்ல."

அவர் மனைவி சௌந்திரமே அந்தச் சோபாவில் உட்கார்ந்ததில்லை. மத்தியான வெயிலில் படகின் நிழல் விழுகிற இடத்தில் சாக்கை விரித்து மிளகாய்க் காம்பு கிள்ளுவார். ஒருநாள் லாசருக்குச் சோறு கொண்டுவந்த அவர் மனைவி இன்னாசிமேரியிடம், "படகு அவருதுங்க. நெழலு என்னுது" என்றார்.

இனி ஓட்டைக்கு வருவோம்.

முதலாளிக்குத் தினமும் விடிகாலையில் ஏழு லாரியையும் கழுவ வேண்டும். லாரிப் பலகையில் தண்ணீர் வடிய ஓட்டை உண்டு. குடம் குடமாக ஊற்றினாலும் ஓடிவிடும். எட்டாவதாக அவர் படகையும் கழுவச் சொன்னார். லாசர் இழைத்துப் பூட்டித் தார் வைத்து அடைத்த படகு. ஊற்றிய தண்ணீர் அசையாமல் நின்றது. நாலாம் நாள் லாசருக்கு ஆள் வந்தது.

"எத்தன வருஷமா பாடி கட்டற? உள்ள தண்ணி நிக்குது பாரு."

"படகுங்களே முதலாளி. வெளித் தண்ணி உள்ள வராத மாதிரி கட்டுனேனுங்க. அதனால உள்ள ஊத்துனது வெளிய போவ மாட்டேங்குது."

"வெளிய எங்கப்பா தண்ணி இருக்குது? களத்துலதான நிக்குது. பன்னண்டு ஓட்ட போடு."

லாசர் தார் வைத்து அடைத்த இடுக்கைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு "சரிங்க" என்றார்.

போட்டுவிட்டார். ஆனால் கடவுளுக்குப் பயந்தவர் அல்லவா, ஒவ்வொரு ஓட்டைக்கும் அளவெடுத்து வேப்பங்கட்டையில் ஒரு தக்கை கடைந்து செருகிவிட்டுப் போனார். மறுநாளே முதலாளி பன்னிரண்டையும் பிடுங்கித் திருப்பி அனுப்பினார். வெல்வெட்டுக்குப் பக்கத்தில் வேப்பங்கட்டை அசிங்கமாக இருந்ததாம். இன்னாசிமேரி அவற்றில் ஒன்றை எண்ணெய்ச் சீசாவுக்கு வைத்துக்கொண்டு, மிச்சத்தைத் துணியில் முடிந்து மாடத்தில் வைத்தாள்.

அந்த வாரமே, பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுகிற பாவசங்கீர்த்தனத்துக்கு, மாதா கோயில் சாமியாரிடம் முழங்காலிட்டார் லாசர்.

"சாமி, படகுல ஓட்ட போட்டுட்டேனுங்க."

"ஏம்பா போட்ட?"

"சரிங்கன்னு சொல்லிட்டேனுங்க."

கம்பித் தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கை எழுந்து சிலுவை போட்டது. பிறகு, "பாவத்த எங்கிட்டச் சொல்லிட்ட. ஓட்டைய அவருகிட்டச் சொல்லு" என்றார் சாமியார்.

லாசர் நேரே முதலாளி வீட்டுக்குப் போனார். "முதலாளி, அந்த ஓட்டைங்க..." என்று தொடங்கினார். முதலாளியின் முகம் மலர்ந்தது. "அதத்தான் உனக்குக் காட்டலாம்னு இருந்தேன், வா" என்று மேலே கூட்டிப்போனார். பன்னிரண்டு ஓட்டைக்கும் பித்தளை வளையம் போட்டு, புளி வைத்துத் தேய்த்திருந்தது. வெயில் பட்டு வளையங்கள் தகதகவென்று மின்னின.

அன்றிலிருந்து வந்தவர்களுக்கு முதலில் காட்டியது ஓட்டைகளைத்தான். ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றுவார். அது வளையத்தில் சுழித்துக்கொண்டு இறங்கும். "ஒரு சொட்டு நிக்காதுங்க" என்பார். பள்ளிக்கூடத்து வாத்தியார் பார்த்தார், வைத்தியர் பார்த்தார், பஞ்சாயத்துத் தலைவர் மூன்று தரம் பார்த்தார். ஆற்றில் இறங்கினால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டிருக்கலாம் அல்லவா? எல்லாரும் தலையை ஆட்டினார்கள். "பிரமாதமுங்க" என்றார்கள். பெரிய மனிதர் வீட்டு ஓட்டையைக் குனிந்து பார்க்கலாம், குறை சொல்லலாமா?

நல்ல நாளும் வந்தது. ஆடிப் பதினெட்டு. மேட்டூரில் தண்ணீர் திறந்து காவிரி இரு கரையும் தொட்டு ஓடியது. படகில் ஏறப் போகிறவர்கள் நாற்பது பேர் என்று முடிவாயிற்று. முதலில் சௌந்திரம், பிறகு சொந்தக்காரர், அவர்கள் குழந்தைகள். சௌந்திரம் கையைப் பிடித்துக் கூப்பிட்டதால் இன்னாசிமேரியும் அதில் ஒருத்தி.

அன்று காலையில் இன்னாசிமேரி எண்ணெய்ச் சீசாவிலிருந்த தக்கையைப் பிடுங்கினாள். "ஏனுங்க, பன்னண்டும் இருக்குது. எடுத்துக்கிட்டுப் போங்க. சீசாவத் துணியில அடைச்சுக்கறேன்."

லாசர் துண்டில் முடிந்துகொண்டு போனார். படகு லாரி மேல் ஏறித் துறைக்கு வந்து சேர்ந்திருந்தது. புது வண்டி எடுத்தால் நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவது லாரிக்காரர் வழக்கம். படகுக்குச் சக்கரம் எங்கே? பூசாரி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் சுமந்து வந்த லாரிக்கே வைத்தார்.

"முதலாளி, அஞ்சே நிமிசம். இதுகளத் தட்டிட்டா..." என்று லாசர் முடிச்சை அவிழ்த்தார்.

"நல்ல நேரத்துல சுத்தியச் சத்தம் வேண்டாம் லாசரு. ஜமக்காளம் வேற விரிச்சாச்சு."

லாரி பின்னால் நகர்ந்து ஆற்றில் இறங்கியது. படகு சறுக்கித் தண்ணீரில் விழுந்தது. கூட்டம் கைதட்டியது. முதலாளி மாலையோடு முதலில் ஏறினார். கரைச் சேற்றிலிருந்து படகுக்குச் சாய்த்த ஏணியைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் லாசர் நின்றார். அவருக்கு நீச்சல் தெரியாது. அவருக்குப் பின்னால் நாற்பது பேர் முழங்கால் சேற்றில் வரிசையாக நின்றார்கள். சௌந்திரம் ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டார். அவர் தோளைப் பிடித்தபடி இன்னாசிமேரி.

"முதலாளி, அந்த ஓட்ட வழியா தண்ணி உள்ள வருமுங்க."

"எம் படகுல தண்ணி வெளிய மட்டுந்தான் போவும்."

லாசர் சூசையப்பரை நினைத்துக்கொண்டார். ஏணிப் படியைப் பார்த்தார். சௌந்திரத்தின் பாதம் பதிந்த இடத்தில் கருப்பாக ஒழுகிக்கொண்டிருந்தது.

"எல்லாரு கால்லயும் முட்டி வரைக்கும் சேறுங்க முதலாளி. சோபா பால்வெள்ளைங்க."

முதலாளியின் முகம் மாறிவிட்டது. ஒரு வருஷமாகத் தண்ணீரைப் பற்றிச் சொன்னது ஏறாத காதில் சேறு உடனே ஏறிவிட்டது.

"நில்லுங்க. ஒருத்தரும் ஏற வேண்டாம்."

"நானுங்களா?" என்றார் சௌந்திரம்.

"நீயுந்தான். எறங்கு."

சௌந்திரம் இறங்கினார். நாற்பது பேரும் திரும்பிக் கரையேறி நின்றார்கள். லாசருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கயிறு கட்டிப் படகைக் கொஞ்சம் உள்ளே இழுத்து நிறுத்தினார்கள். சேலத்திலிருந்து வந்த போட்டோக்காரர் கருப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, "அசையாதீங்க" என்றார். முதலாளி அசையவில்லை. ஜமக்காளம் தானாக எழும்பியது. கணுக்காலுக்குத் தண்ணீர் வந்தது. அசையவில்லை. முழங்காலுக்கு வந்தது. கரையில் வாத்தியார் பக்கத்திலிருந்தவரிடம், "ஒசத்தியான படகுங்க கொஞ்சம் தாழ்ந்துதான் மெதக்கும்" என்று விளக்கினார். வலப்பக்கத்து ஹாரன் ஒருமுறை கொப்புளித்துவிட்டு நின்றது. கட்டிலும் பேட்டரியும் இழுக்க, படகு ஆற்று மணலில் பொறுமையாகப் போய் உட்கார்ந்தது. முதலாளியின் மாலை மட்டும் தண்ணீரின் மேல் வட்டமாக மிதந்தது, நடுவில் அவர் தலை.

பச்சமுத்து பரிசலைத் தள்ளிக்கொண்டு போனார். அப்போதும் முதலாளி பழக்கத்தில் குனிந்து தன் காலைத் தேடினார்.

"காலக் கழுவ வேண்டாங்க, ஏறுங்க" என்றார் பச்சமுத்து. "இத ஏறறதுக்குத்தான் வெச்சிருக்கறேன்."

சாயங்காலம் நாலு ஜோடி எருதும் ஒரு லாரியும் சேர்ந்து படகைக் கரைக்கு இழுத்தன. மேட்டில் ஏறியதும் பன்னிரண்டு ஓட்டையிலிருந்தும் பன்னிரண்டு குழாய் திறந்த மாதிரி தண்ணீர் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒன்றுமில்லை. ஈர வேட்டியோடு நின்றிருந்த முதலாளி கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"பாத்தீங்களா? ஒரு சொட்டு நிக்கல."

கூட்டம் தலையை ஆட்டியது.

படகு களத்துக்குத் திரும்பியது. இப்போது காட்டுவதற்கு இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, "காவேரி இது வரைக்கும் வந்துச்சுங்க" என்று காட்டினார். கறைபட்ட சோபாவைத் தூக்கிக் களத்தில் போட்டுவிட்டுப் புதுசுக்குச் சொல்லியனுப்பினார். சௌந்திரம் சாக்கை மடித்து வைத்துவிட்டு, பம்பாய் வெல்வெட்டில் உட்கார்ந்து மிளகாய்க் காம்பு கிள்ளினார்.

லாசரை மறுபடி கூப்பிட்டார்கள். "ஓட்ட பத்தல லாசரு. இன்னும் பன்னண்டு போட்டா இன்னுஞ் சீக்கிரம் வடியும்."

லாசர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "மாட்டேனுங்க" என்றார். சொல்லிவிட்டு வீதியில் இறங்கி நடந்தார். மறுநாள் வேறொரு தச்சர் வந்து "சரிங்க" என்று சொல்லிப் போட்டுக்கொடுத்தார்.

நீங்கள் சிரித்திருந்தால் சந்தோஷம். கண்ணுசாமி முதலாளியைப் பார்த்துச் சிரிக்க யாருக்குத்தான் வராது? ஆனால் சிரித்து முடித்ததும் வீட்டுக்குள் ஒரு நடை போய் வாருங்கள். நீங்கள் ஆசை ஆசையாகச் செய்து வைத்த பொருளின் மேல் உங்கள் வீட்டுக்காரி உட்கார்ந்திருக்கிறாளா, அதன் நிழலில் உட்கார்ந்திருக்கிறாளா என்று பாருங்கள். பார்க்க வந்தவர்களில் ஒருவராவது எப்போதாவது ஒரு குறை சொன்னதுண்டா என்றும் யோசித்துப் பாருங்கள். ஒருவரும் சொன்னதில்லை, வந்தவர் அத்தனை பேரும் பிரமாதம் என்றுதான் சொன்னார்கள் என்றால், தயவு செய்து ஜமக்காளத்தைக் கொஞ்சம் தூக்குங்கள்.