அழுத்த அறையில் பேரம்பேசி

எமனே நேரில் வந்தாலும், டீ வாங்கிக் கொடுத்து, அடுத்த வாரம் வரச்சொல்லி அனுப்பக்கூடிய ஆள் கொல்லிமலையில் ஒருவர்தான் இருந்தார். சோளக்காட்டு மிளகு வியாபாரி. ஊர் வைத்த பெயர் பேரம்பேசி. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் அவர் குடோனை ஒட்டிய அறையில் நான் குடியிருந்தேன். பஸ் டிரைவரிடம் புறப்படும் நேரத்துக்குக்கூடப் பேரம் பேசுவார்.

புரோஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு வைத்துப் பிழைத்தவர். மூன்றாண்டு கழித்துச் சிறுநீர் சிவந்தது. பீட்ரூட் சாப்பிட்டேன் என்று என்னிடம் கதை விட்டார். அந்த மாதம் சந்தைக்குப் பீட்ரூட்டே வரவில்லை. ஒருநாள் ரத்தக்கட்டி அடைத்துச் சிறுநீர் போகாமல் மூட்டைமேல் சுருண்டு கிடந்தார். ஜீப் பிடித்துக் கீழே கொண்டுபோனேன்.

கதிர்வீச்சு சிறுநீர்ப்பையின் உள்சுவரையும் பொசுக்கிவிட்டது என்றார் நகரத்து டாக்டர். அழுத்தம் கூட்டிய அறைக்குள் தூய ஆக்சிஜன் சுவாசித்தால் புது ரத்தக்குழாய்கள் முளைத்துப் புண் ஆறலாம். நாற்பது முறை உட்கார வேண்டும். ஆறாவிட்டால் பையையே எடுக்க நேரலாம்.

"நாப்பது ரொம்பச் சாஸ்திங்க. இருவதுல முடிச்சுக் குடுங்க. அம்பது வருசமா மலைக்காத்துக் குடிச்சிருக்கேன், அதைக் கழிச்சுக்குங்க."

டாக்டர் சீட்டில் நாற்பது என்றே எழுதினார்.

முதல் நாள், தலையில் எண்ணெய் இருந்தால் தீப்பிடிக்கும் என்று திருப்பி அனுப்பினார்கள். பாதித் தலைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். மறுநாள் உள்ளே அழுத்தம் ஏறி, கூட உட்கார்ந்திருந்த நோயாளிகள் எல்லோருக்கும் காது அடைத்தது. மலைப்பாதையில் ஆயிரம் முறை காது அடைத்தவருக்கா தெரியாது? எச்சிலை விழுங்கச் சொல்லி அதட்டினார். இயக்குபவரிடம், வளைவில் மெதுவாகப் போகுமாறு உத்தரவும் போட்டார்.

பதினெட்டாம் நாள் சிறுநீர் தெளிந்தது. நாங்கள் தங்கியிருந்த லாட்ஜில் உடனே பெட்டியைக் கட்டினார். பாதியில் விட்டால் சிறுநீர்ப்பையே போய்விடும் என்று கத்தினேன். கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"பயமா இருக்குது கண்ணு. அந்தக் கதவைச் சாத்தறப்பக் குழியில எறக்கறாப்பல இருக்குது."

இத்தனை நாள் நான் அவரைக் கஞ்சன் என்றே நினைத்திருந்தேன். அன்று முதல் கதவு சாத்தும்போது அறையின் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே, அவர் பார்க்கும்படி நின்றேன். நாற்பதையும் முடித்தார். ரத்தம் நின்றது.

கடைசி நாள், காத்திருந்தவர்களில் சித்தாள் வேலை செய்யும் பெண் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கும் கதிர்வீச்சால் வந்த இதே கோளாறு, மறுநாள் முதல்முறை உள்ளே உட்கார வேண்டும். பேரம்பேசி ஊருக்குக் கிளம்பவில்லை. மறுநாள் காலையில் நான் நின்ற அந்தக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, அவள் பார்க்கும்படி எச்சில் விழுங்கிக் காட்டிக்கொண்டே நின்றார்.